ஏழு மணிக்கு வேலைக்கு வரும் கை

"…மற்ற எல்லாத்தையும் சொல்லும் தம்பி, வடிவாச் சொல்லும். என்ர கையைப் பற்றி மட்டும் வாய் திறக்காதையும். சிங்களத்திலயும் வேண்டாம், தமிழிலயும் வேண்டாம்."

அக்கா இதை எனக்குக் காதோடு காதாகச் சொன்னது, நாங்கள் வாடகைக்கு இருந்த வெள்ளவத்தை வீட்டின் ஹோலில் வைத்து. காலை எட்டு மணி இருக்கும். எதிரில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட், அவருக்குப் பின்னால் இரண்டு கொன்ஸ்டபிள்கள். சார்ஜன்டுக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க நான். வாசலில் கூடையோடு சைவக்கடை முதலாளி. அவருக்கு இரண்டு பாஷையும் தெரியும். வில்லங்கமே அதுதான்.

அந்தக் காலைக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஆளைச் சொல்ல வேண்டும். பேர் சொல்ல மாட்டேன். சொன்னாலும் உங்களுக்கு உதவாது. அந்தப் பேரில் அப்போது ஒரு லேனுக்கு மூன்று பேர் இருந்தார்கள்.

அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். மகள் ஒருத்தி கனடாவில். தாலி கழுத்தில் இருந்தது, புருஷன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வருஷங்களில் அப்படிக் கேட்பது வழக்கமில்லை. மேல்மாடியில் ஒரு சின்ன அறை, அதோடு ஒட்டின குசினி, கடலைப் பார்த்த பல்கனி. காலமை முன்னூறு, பின்னேரம் இருநூறு இடியப்பம் அவித்து, காலி வீதியில் இருந்த சைவக்கடைக்குக் கொடுப்பார். கடை முதலாளி தானே கூடையோடு வந்து எடுத்துக்கொண்டு போவார். அந்த ஓடர் இருந்தால் அறை இருக்கும். ஓடர் போனால் அறையும் போகும். அறை போனால் திரும்பிப் போக வடக்கே பாதையும் இல்லை, சண்டையால் பூட்டிக் கிடந்தது.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. மிச்சத்தை ஆட்கள் கதைப்பதைக் கேட்டுத்தான் படித்தேன். வெள்ளவத்தையில் சாறிக்கடை ஒன்றில் வேலை கிடைத்து, அந்த வீட்டில் ஒரு கட்டிலுக்கு வாடகை கட்டினேன். சேலை வாங்க வருகிற ஆட்கள் சொல்லுகிற நல்ல கதைகளை மனதில் போட்டு வைத்துக்கொள்வேன். ஆனால் ஒரு வருஷத்தில் கடையில் கேட்ட எல்லாவற்றையும் சேர்த்தாலும், அக்கா தன் கையைப் பற்றிச் சொன்னதற்குக் கிட்ட வராது.

"என்ர கை ஏழு மணிக்குத்தான் தம்பி வேலைக்கு வரும். கவண்மென்ட் உத்தியோகம். நான்தான் விசரி, நாலு மணிக்கே வந்து நிக்கிறன்" என்பார்.

இன்னொரு நாள், "இது என்ர கையில்லை. வாடகைக்கு எடுத்தது. சொந்தக்காரன் எப்ப எழும்பச் சொல்லுவானோ தெரியாது" என்றார்.

நோகிறதா என்று கேட்டால் உடனே ஓம் என்று சொல்ல மாட்டார். கொஞ்சம் யோசிப்பார். பொய் சொல்ல விருப்பமில்லாத ஆள். "நோ எண்டு சொல்ல ஏலாது. எறும்பு ஊருற மாதிரி. பிறகு எறும்பும் இல்லை. கையுறை போட்டுக்கொண்டு மற்ற ஆக்களின்ர சாமானைத் தொடுற மாதிரி" என்பார். சரியான சொல் கிடைக்கும்வரை விடமாட்டார். தன் கையைப் பற்றி அப்படிக் கணக்காகச் சொல்லுகிற ஒருவரை அதற்கு முதலும் நான் காணவில்லை, பிறகும் காணவில்லை.

எனக்கு அது தெரியவந்தது ஒரு மூடியால். பல்லுத் தீட்டுவதற்கு விடியவே பல்கனிக்குப் போனேன். அக்கா மா ரின்னை முழங்காலுக்கு நடுவில் வைத்து, முழங்கையால் மூடியை இடித்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"தம்பி, இதை ஒருக்காத் திறந்து தாரும். திறந்து தந்ததை மறந்துவிடும்."

திறந்து கொடுத்தேன். மறக்கவில்லை. ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு முந்தி முதலாளிக்கு அவிச்சுக் குடுத்த மனிசி பாத்ரூமில வழுக்கி விழுந்து கையை முறிச்சவ. பிளாஸ்டர் போட்ட அண்டைக்குப் பின்னேரமே ஓடர் எனக்கு வந்தது. அண்டைக்கு எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது தம்பி. அதாலதான் இப்ப பயம்."

"களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டலாமே?"

"காட்டலாம். அங்க லைனில நிண்டா எனக்கு முன்னுக்கும் வெள்ளவத்தை, பின்னுக்கும் வெள்ளவத்தை. பின்னேரம் இடியப்பம் கடைக்குப் போக முந்தியே கதை போய்ச் சேந்திடும்."

அந்தக் கைக்கு என்ன வருத்தம் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். கனகாலத்துக்குப் பிறகு என் மனைவிக்கு அதே வந்து, டொக்டர் 'கார்பல் டனல்' என்று பேர் சொன்னார். மணிக்கட்டுக்குள் ஒடுக்கமான ஒரு பாதை இருக்கிறதாம். அதற்குள்ளால் விரலுக்குப் போகிற நரம்பு நெரிபடுகிறதாம், சின்ன விரலுக்கு மட்டும் வேறு நரம்பாம். பெலமாக அமத்துகிற வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற கைக்கு வருமாம். நித்திரையால் எழும்பும்போது கூடவாயிருக்குமாம், உதறினால் கொஞ்சம் சுகமாயிருக்குமாம். உதறினால் சுகம் என்று அவர் சொன்னபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். என் மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் இடியப்ப உரல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டு கையாலும் இரண்டு பிடியையும் சேர்த்து நெரிக்கிற மர உரல். ஒரு நாளைக்கு ஐந்நூறு தரம்.

ஆனால் அப்போது அந்தப் பேர் ஒருவருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம், விடிய நாலு மணிக்குக் கை செத்துக் கிடக்கும், மா குழைக்க வேண்டும், ஆனபடியால் பல்கனியில் நின்று உதற வேண்டும். அறைக்குள் உதறினால் என்ன என்று கேட்பீர்கள். அந்த அறைக்குள் கையை விரித்தால் ஒரு பக்கம் அலுமாரி, மற்றப் பக்கம் சுவர்.

எங்கள் பல்கனிக்குக் கீழே லேன் முடியும். அதற்கு அங்காலே ரயில் பாதை, அதற்கும் அங்காலே கடல். கடற்கரையில் மண் மூட்டை அடுக்கின காவல் கொட்டில் ஒன்று. கடலில் தூரத்தில் நேவி போட்டின் வெளிச்சம். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண் ஒவ்வொரு நாளும் விடியக்காலை கையை உதறினால், பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

பொலிஸ் நினைக்க முதலே எங்கள் வீடு நினைத்துவிட்டது.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அன்ரிதான் முதலில் கண்டவர். "நேற்று வலக்கை. இண்டைக்கு இடக்கை. நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். சும்மா ஆரும் உப்பிடிக் கையை ஆட்டுவினமோ?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். கேட்ட விதத்தில் கோபம் இல்லை. ஒரு மரியாதை இருந்தது. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

பிறகு எல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்தது. அக்கா கொமியூனிகேஷன் கடையில் மகளோடு கதைக்கும்போது நிமிஷத்துக்கு ஒரு தரம் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றுவார். கை விறைத்துவிடும், வேறு வழியில்லை. வீட்டில் அதற்கு, அவ நேரம் பார்த்துக் கதைக்கிறா என்று அர்த்தம். பேப்பரைத் தூக்கிப் பிடிக்க ஏலாது என்று நிலத்தில் விரித்து, குனிந்து வாசிப்பார். அதற்கு, வரைபடம் பார்க்கிறா என்று அர்த்தம். தோய்த்த சேலையைப் பிழிய ஏலாமல் தண்ணி சொட்டச் சொட்டப் பல்கனியில் போடுவார். அன்ரியின் முற்றம் முழுக்க ஈரம். வேறு யாரும் போட்டிருந்தால் அன்ரி மேலே ஏறி வந்து கத்தியிருப்பார். அக்காவுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுப் பேசாமல் போனார்.

கடைசியில் தலைமயிர். பின்னிக் கட்ட விரல் வேண்டுமே. முடியாமல், ஒரு நாள் அக்கா தோளுக்கு மேலே கட்டையாக வெட்டிவிட்டு வந்து நின்றார். அந்தக் காலத்தில் கட்டைத் தலைமயிரோடு ஒரு தமிழ்ப் பெண்ணைக் கண்டால் செக் பொயின்ட்டில் இரண்டாம் தரம் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் தரம் பார்க்கவே இல்லை. இயக்கத்து ஆள்தான் என்று முடிவு எடுத்துவிட்டார்கள். அன்று தொடக்கம் பாத்ரூம் லைனில் அக்காவுக்கு முதல் இடம்.

"என்ன தம்பி, எல்லாரும் எனக்கு வழிவிடினம்? நான் அவ்வளவு கிழவியாப் போனனே?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் குழப்பம்தான். மூடி திறந்து கொடுத்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்றாலும் பாருங்கள், விடிய ஒரு மூடி திறக்க ஏலாத அதே கை, பின்னேரம் மேசையிலிருந்து உருண்ட தம்ளரை அந்தரத்தில் பிடித்தது. நான் கண்ணால் கண்டேன். காலமை செத்து, பின்னேரம் உயிர்க்கிற வருத்தம் ஒன்று உலகத்தில் உண்டு என்று நான் கேள்விப்பட்டதில்லை. வருத்தம் என்று சொல்வதுதான் மறைப்போ? சொல்லாதையும், மறந்துவிடும் என்று என்னிடம் சொன்னதெல்லாம் எதற்கு? இப்படி ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் நினைத்துக்கொண்டு படுப்பேன்.

இதற்குள் மாஸ்டர் வந்தார். எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த ரியூசன் மாஸ்டர். கணக்குப் படிப்பிப்பவர். மனைவி யாழ்ப்பாணத்தில் அகப்பட்டுக்கொண்டார். அங்கிருந்து வெளிக்கிட அங்கே இருக்கிற இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், ஒரு வருஷமாகக் கிடைக்கவில்லை. ஒரு பின்னேரம் மாஸ்டர் ஒரு பை முந்திரிகைப்பழத்தோடு மேலே ஏறி வந்தார். நான் குசினி வாசலில் நின்று அக்காவுக்குத் தேங்காய் திருவிக் கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

"அக்கா, உங்கட ஆக்களிட்டை ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. ஒரு சொல்லுப் போதும்."

"என்ர ஆக்கள் எண்டு எனக்கு ஒரு மகள்தான் மாஸ்டர். அவ கனடாவில."

மாஸ்டர் தலையை ஆட்டினார். "ஓம் ஓம். விளங்குது. கனடா. நான் ஒருதருக்கும் சொல்லேல்லை."

"அவவுக்கு உங்கட மனிசியைத் தெரியாதே?"

"தெரியாட்டிப் பரவாயில்லை அக்கா. பேர் எழுதிக்கொண்டு வந்தனான்." கடுதாசித் துண்டு ஒன்றை மாச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பின்பக்கமாக நடந்தே படியிறங்கிப் போனார்.

அக்கா கடுதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவருக்கு என்ன தம்பி, சுகமில்லையே?"

மூன்று கிழமையில் மாஸ்டரின் மனைவி வந்து இறங்கினார்.

எப்படி என்று என்னைக் கேட்கவேண்டாம். பாஸ் கிடைத்தது, வந்தார். மாஸ்டர் படியில் ஓடி ஏறி வந்து அக்காவின் அறை வாசலில் நின்று அழுதார். அவருடைய மனைவி அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்கா கையை இழுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அவர்கள் போன பிறகு என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் என்னத்தைச் செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை எண்டால் ஏன் அக்கா அழுகினம்?" என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அக்கா என்னை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் சந்தேகப்படுகிறேன் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"உமக்குமோ?" என்றார். அடுத்த நாள் மூடி திறக்க என்னைக் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு கை இன்னும் மோசமாகியது. ஏழு மணிக்கு வந்த கை பத்துக்கு வந்தது, பிறகு வராமலே விட்டது. விரல் நுனியில் கொப்பளம் ஒன்று கண்டேன். என்ன என்று கேட்டபோது, "ஆவியில சுட்டிருக்கு. கண்ணால கண்ட பிறகுதான் தெரியும். கை ஒண்டும் சொல்லேல்லை" என்றார். அப்போதும் இடியப்பம் போனது. உரலைக் குசினி மேசை விளிம்பில் கொடுத்து, உடம்புப் பாரத்தால் அமத்துவார். இடியப்பத்தைத் தட்டிலிருந்து எடுக்கும்போது சில உடைந்துபோகும். உடைந்ததைத் தான் சாப்பிடுவார். முதலாளிக்கு முழுசு மட்டும் போனது. அவருக்கு ஒன்றும் தெரியாது. "அக்கா, உங்கட இடியப்பம் நூல் மாதிரி" என்று ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுத்தான் கூடையைத் தூக்குவார்.

மாஸ்டரின் நன்றி அடங்கவில்லை. ரியூசன் வகுப்பில் யாருக்கோ சொன்னார். அந்த யாரோ வேறு யாருக்கோ சொன்னார். முன்பின் தெரியாத இரண்டு பேர் கடுதாசித் துண்டோடு வந்து அக்காவைக் கேட்டார்கள். மூன்றாவதாக வந்தவர்தான் இந்தச் சார்ஜன்ட்.

இப்போது ஹோலுக்கு வருகிறேன்.

சார்ஜன்ட் கத்தவில்லை. கதிரையில் இருக்கவும் இல்லை. நித்திரை இல்லாத முகம். என்னைப் பார்த்து, "அஹபங், காட்டத மெயா அத வனன்னே?" என்றார். கேள், இவ யாருக்குக் கை காட்டுகிறா?

நான் அக்காவுக்குச் சொன்னேன். அப்போதுதான் அக்கா, கையைப் பற்றி மட்டும் வாய் திறக்காதையும் என்று சொன்னது. வாசலில் முதலாளி கூடையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

'ஹிரி வெட்டெனவா.' கை விறைக்கிறது. இரண்டே சொல். கொட்டாஞ்சேனையில் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த சிங்களம். என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் ஆள் தப்பும், ஓடர் போகும். சொல்லாவிட்டால் ஓடர் இருக்கும், ஆள் இல்லை. அதற்குள்ளும் என் மண்டைக்குள் ஒரு குரல், அவ சொல்லுகிறது உண்மையோ என்று கேட்டுக்கொண்டு இருந்தது. 

"வியாயாம, ராளஹாமி" என்றேன். தேகப்பயிற்சி, ஐயா.

"வியாயாம?" சார்ஜன்ட் கொன்ஸ்டபிள்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவன் சிரித்தான். "விடிய நாலு மணிக்கா? கடலைப் பார்த்துக்கொண்டா? ஒரு கையால் மட்டுமா?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

பிறகு சார்ஜன்ட் ஒரு கடுதாசியைப் பார்த்து, இந்தப் பொம்பிளைக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற மாஸ்டர் யார் என்று கேட்டார். முன்னறை வாசலில் நின்ற மாஸ்டர் தானாகவே கையைத் தூக்கினார், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோல. அவருடைய மனைவி பின்னாலிருந்து அவர் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கொழும்புக்கு வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. முந்திரிகைப்பழம் மட்டும்தான் கொடுத்தேன் என்று மாஸ்டர் தமிழில் சொன்னார். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். எந்தப் பாஷையில் சொன்னாலும் அது பொய் மாதிரியே கேட்டது.

சார்ஜன்ட் மாஸ்டரின் தோளில் கையை வைத்தார். "யமு."

போவோம். அந்த ஒரு சொல்லுக்குக் கொழும்பில் எந்தத் தமிழருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. மாஸ்டரின் மனைவி சத்தமில்லாமல் நிலத்தில் இருந்துவிட்டார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. முன்னுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் வலக்கையை உள்ளங்கை மேலே தெரிய வைத்தார். தாலிக்கொடியில் கொழுவியிருந்த சேப்டி பின்னை இடக்கையால் கழற்றப் பார்த்தார். இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் குனிந்து பல்லால் இழுத்துத் திறந்தார். பின்னை இடக்கையின் கடைசி இரண்டு விரலுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, வலக்கைப் பெருவிரல் நுனியில் குத்தினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த விரலில் குத்தினார். நடு விரலில் குத்தினார். மூன்றிலும் இரத்தம் சின்னச் சின்னக் குமிழாக வந்தது. கை மற்ற யாருடையதோ போல அப்படியே கிடந்தது. பிறகு சின்ன விரலில் தொட்டார். தொட்டதுதான். கை துள்ளி மேசையை விட்டு எழும்பியது, வாயிலிருந்து "ஸ்" என்று வந்தது.

"அம்மே" என்றான் சிரித்த கொன்ஸ்டபிள்.

சார்ஜன்ட் மாஸ்டரின் தோளிலிருந்து கையை எடுக்காமல் மேசைக்குக் கிட்ட வந்து பார்த்தார். பிறகு என்னிடம், "பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கலாம்" என்றார். சிங்களத்தில்தான் சொன்னார். நான் இன்னும் மொழிபெயர்க்கவில்லை.

அக்கா கையைத் திரும்ப மேசையில் விரித்து வைத்தார். பின்னைச் சேலைத் தலைப்பில் துடைத்து, பிடிக்கிற பக்கம் அவருக்கு வரத்தக்கதாகத் திருப்பி, சார்ஜன்டிடம் நீட்டினார். அவர் அதை வாங்கினார். எந்த விரலில் குத்தப்போகிறார் என்று தனக்குத் தெரியக்கூடாது என்று அக்கா முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் கடை முதலாளி கூடையோடு நின்றார். அக்கா கண்ணை மூடவில்லை, கீழே பார்க்கவும் இல்லை. கையைச் சார்ஜன்டிடம் விட்டுவிட்டு, முதலாளியின் முகத்தை நேரே பார்த்துக்கொண்டு நின்றார்.